ஓவன் மேல் நான் போட்ட பழி

இன்னும் முகம் தெரியாத உனக்கு,

இதை நீ படிக்கும் நாளில், எழுதுகிற என்னைவிட உனக்கு வயது கூடியிருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது. நீ வேலைக்கென்று வெளியூர் கிளம்பும்போதோ, உனக்குக் கல்யாணம் நிச்சயமாகும்போதோ இதை உன் கையில் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் அம்மாக்கள் புத்தி சொல்வார்கள். அப்படிச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் சேரவில்லை. நான் செய்த ஒரு காரியம்தான் இருக்கிறது. அதை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால், என்னிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்று படித்துக்கொண்டே வந்தால் உனக்குப் புரியும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். யாராவது ஏன் என்று கேட்டால் வீட்டில் கஷ்டம் என்று சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. அடி அண்ணாமலையில் என் அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் இளநீர்க் கடையும் போடுவார். படிக்க வைக்க அவரால் முடிந்திருக்கும். அறிவியல் வகுப்பில் ஒருநாள் டீச்சர் என்னை எழுப்பி ஒரு பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன், புத்தகத்தைப் பிடித்தேன், தொண்டையிலிருந்து குரலே வரவில்லை. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அதோடு மறுநாளும் அதற்கு மறுநாளும் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் ஆனது. பிறகு யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்க வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தையே விட்டேன். அந்த வெட்கத்தை நல்ல குணம் என்று ஊரில் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தபோதுகூட, பொண்ணு அதிர்ந்து பேசாது என்றுதான் சொன்னார்கள். நானும் அதை நம்பிக்கொண்டேன்.

பதினெட்டு முடிந்ததும் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வேங்கிக்கால் வந்தேன். அவர் ஆட்டோ ஓட்டுகிறார், கலெக்டர் ஆபீஸ் வாசல்தான் அவருடைய ஸ்டாண்டு. வீட்டில் அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, உன் பாட்டி. அப்புறம் அவருடைய தங்கை கௌசல்யா, பன்னிரண்டாவது படிக்கிறாள். பகலில் நான் சும்மா இருக்கிறேன் என்று ஸ்டாண்டுக்கு எதிரிலிருந்த பேக்கரியில் உன் அப்பாதான் வேலைக்குச் சேர்த்துவிட்டார். அந்தக் கடை ஷாகிரா அக்காவுடையது. அவருடைய குடும்பம் பல தலைமுறையாகத் திருவண்ணாமலையில் வியாபாரம் செய்கிற குடும்பம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். குழந்தை இல்லை. அவர் கணவர் டவுன் கடையைப் பார்த்துக்கொள்ள, இந்தக் கடையை அக்கா தனியாக நடத்தினார். நான் பேசாதவள் என்று தெரிந்ததும் என்னைக் கல்லாப் பக்கம் நிறுத்தவில்லை. ஓவன் பக்கம் நிறுத்தினார். காலை பதினொரு மணிக்கு ஆபீஸ்காரர்கள் டீ குடிக்க வரும்போது முட்டை பப்ஸையும் காளான் பப்ஸையும் மைக்ரோவேவ் ஓவனில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பது என் வேலை. கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தி, மணி அடித்ததும் எடுக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. வாடிக்கையாளர் யாராவது என்னைக் கேலி செய்தால் அக்காவே பதில் சொல்லி அனுப்புவார். ஒருமுறை ஒருவர், "இந்தப் பொண்ணு வாயையும் ஓவன்ல வெச்சி ரெண்டு சுத்து சுத்துங்க, பேச்சு வருதா பாப்போம்" என்றார். "உங்க வாய ஃப்ரிஜ்ல வெக்கலாம்னு கீறேன், ஜாஸ்தி சூடா இருக்குது" என்றார் அக்கா. அன்று நான் சிரித்த சிரிப்பு எனக்கே புதிதாக இருந்தது.

நீ வந்தது எனக்குத் தெரிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே மூச்சு விடக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார். அது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். கண் படும், ஏதாவது ஆகிவிட்டால் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் அக்காவிடமும் சொல்லவில்லை. ஒருநாள் கடையின் பின்புறம் தண்ணீர் கொட்டிக் கிடந்த இடத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு சட்டென்று வீங்கிவிட்டது. அக்கா கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை ஒரு எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே எக்ஸ்ரே அறைக் கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று பெரிய எழுத்தில், வயிறு பெரிதான ஒரு பெண்ணின் படத்தோடு. படிக்கத் தெரியாதவளுக்கும் அது புரியும். எனக்குப் படிக்கவும் தெரியும். எக்ஸ்ரே எடுப்பவர் கதவைத் திறந்து, பெஞ்சில் ஏழெட்டு ஆண்கள் உட்கார்ந்திருக்க, என் பெயரைக் கூப்பிட்டு, "மாசமா எதுனா கீறீங்களாம்மா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் கடமைக்குக் கேட்டார், நானும் சும்மா தலையாட்டினேன், ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. எலும்பு உடையவில்லை, வெறும் சுளுக்கு. அக்கா எனக்கு மோர் வாங்கிக் கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். வீட்டில் விழுந்ததைச் சொன்னேன், தைலம் தேய்த்தார்கள். எக்ஸ்ரே எடுத்ததைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு லேசாக இரத்தம் பட்டது. துணியைப் பார்த்ததும் அந்தப் பலகைதான் என் கண் முன்னால் நின்றது. அத்தை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். என்ன தின்றாய், எதைத் தூக்கினாய், எங்கே போனாய் என்று வரிசையாகக் கேட்டார். எக்ஸ்ரே எடுத்தேன், அதுவும் கேட்டபோது இல்லை என்று சொல்லி எடுத்துக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது? அத்தையின் போனில் எப்போதோ வந்த ஒரு வீடியோ ஞாபகம் வந்தது. மைக்ரோவேவ் ஓவன் பக்கம் கர்ப்பிணிகள் நிற்கவே கூடாது, அதிலிருந்து கதிர் வரும், கருவைக் கலைத்துவிடும் என்று யாரோ ஒருவர் கோபமாகப் பேசும் வீடியோ. அத்தையே எனக்குக் காட்டியதுதான். "கடைல நாள் முழுக்க அந்த ஓவன் பக்கத்துலதான் அத்தை நிக்கிறேன்" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. பார், பொய்யே சொல்லாமல் ஒரு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, குழந்தை நன்றாக இருக்கிறது, இதுபோலச் சில பேருக்கு ஆகும், ஓய்வெடு என்றார். உன் இதயம் துடிப்பதைத் திரையில் காட்டினார். வேறு மாத்திரை மருந்து ஏதாவது, எக்ஸ்ரே ஏதாவது என்று அவரும் கேட்டார். அத்தை பக்கத்தில் நின்றார். இல்லை என்றேன், இரண்டாவது தடவையாக. அங்கிருந்து வெளியே வந்ததும் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு நேராகப் பேக்கரிக்குப் போனார். சரியாகப் பதினொரு மணி. டீ கிளாஸோடு இருபது பேர் நின்றிருந்தார்கள். மூணு மாசக்காரியைக் கதிர் அடிக்கிற பெட்டி பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறாய், அது கலைந்திருந்தால் நீயா பொறுப்பு என்று அத்தை ஆரம்பித்தார். அக்கா முதலில் புரியாமல் நின்றார். மூணு மாதம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. எக்ஸ்ரே அறை வாசலில் நான் தலையாட்டியதை அவர் பார்த்திருந்தார் இல்லையா, அந்த நொடியில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன். அத்தைக்குப் பதில் வராதது இன்னும் ஆத்திரமாகிவிட்டது. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "உனக்குத்தான் ஒண்ணும் தங்கல. மத்தவ வயித்துல தங்கறதும் உனக்குப் பொறுக்கலயா?" என்றார்.

கூட்டத்தில் ஒரு பெண், ஆமாம் நானும் அந்த வீடியோ பார்த்தேன் என்றார். இன்னொருவர் கையிலிருந்த பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்கா என்னைப் பார்க்காமல் இருக்க அத்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அதற்குப் பிறகு நான் கடைக்குப் போகவில்லை. உன் அப்பா மட்டும் ஸ்டாண்டிலிருந்து பார்த்ததைச் சொல்வார். ஓவன் மேல் துணி போட்டு மூடிவிட்டார்கள் என்றார். கொஞ்ச நாளில் ஓவனையே எடுத்துவிட்டார்கள் என்றார். கடைசியில், பதினொரு மணிக்கு ஆபீஸ் கூட்டம் இப்போது தாண்டிப் போய் வேறு கடையில் நிற்கிறது என்றார். அவர் வருத்தமாகத்தான் சொன்னார். நான் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தேன். ஓவனால்கூட ஆகியிருக்கலாமே, யாருக்குத் தெரியும், அதிலிருந்தும் ஏதோ கதிர்தானே வருகிறது, நான் சொன்னது ஒருவேளை நிஜமாகவே இருக்கலாமே. இப்படி நினைத்து நினைத்து நாலு மாதம் ஓட்டினேன்.

அந்தச் சமாதானத்தைக் கெடுத்தவள் கௌசல்யா. போன வாரம் அவளுக்கு இயற்பியல் பரீட்சை. கூடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டு மனப்பாடம் செய்தாள். பிறகு என்னிடம் புத்தகத்தைக் கொடுத்து, வரிசை தப்பாமல் சொல்கிறேனா பாருங்கள் அண்ணி என்றாள். ரேடியோ அலை, மைக்ரோ அலை, அகச்சிவப்புக் கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதாக் கதிர், எக்ஸ் கதிர், காமா கதிர். அவள் சொல்லச் சொல்ல நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு நீளமான பட்டை. இடது ஓரத்தில் அலைகள் அகல அகலமாக, சோம்பலாகப் போகின்றன. வலது பக்கம் போகப் போக நெருங்கி, கடைசியில் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடுகின்றன. நடுவில் ஓரிடத்தில் மட்டும், விரல் அகலத்துக்கு, வானவில் நிறம். நாம் கண்ணால் பார்க்கிற வெளிச்சம் மொத்தமும் அவ்வளவுதானாம். இந்தப் பக்கம், ரேடியோவுக்குப் பக்கத்தில், ஒரு குட்டி ஓவன் படம். அந்தப் பக்கம், வெளிச்சத்தையும் தாண்டி, ஒரு கை எலும்பின் படம்.

என்ன அண்ணி, தப்பா சொல்லிட்டேனா என்று கேட்டாள். என் முகம் எப்படியோ ஆகியிருக்க வேண்டும். ஓவன் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன். கௌசல்யாவுக்கு யாராவது சந்தேகம் கேட்டால் போதும், உட்கார்ந்துவிடுவாள். எல்லாமே ஒரே இனம்தான், வெளிச்சத்தின் சொந்தக்காரர்கள்தான், அலையின் நீளம்தான் வேறு வேறு என்றாள். ஓவன் அலை அரைச் சாணுக்கும் கொஞ்சம் ஜாஸ்தி நீளம் இருக்கும். அதனால்தான் ஓவன் கதவில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போட்ட தகடு இருக்கிறது. வெளிச்சம் மிகச் சிறியது, ஓட்டை வழியாக வந்துவிடும், உள்ளே தட்டு சுற்றுவது நமக்குத் தெரியும். ஓவன் அலை பெரியது, அந்த ஓட்டையில் நுழையாது. உள்ளேயே முட்டி முட்டி, பண்டத்தில் இருக்கும் தண்ணீரை ஆட்டிவிடும், ஆடுகிற ஆட்டத்தில் சூடாகும். கதவு உடைந்த ஓவனைப் போட்டால் சுடும், அது வேறு விஷயம். "ஆனா உடம்புக்குள்ள பூந்து உடைக்கிற சக்தியெல்லாம் இதுக்குக் கெடையாது அண்ணி. அது வெளிச்சத்துக்கு அந்தாண்ட கீற ஆளுங்க வேலை. எக்ஸ்ரே, காமாலாம்" என்றாள். பிறகு, நம் போன்கூட இந்த அலையில்தான் பேசுகிறது, பௌர்ணமிக் கூட்டத்தில் போன் லைன் கிடைக்காமல் இழுக்கிறதே, அது இதே வகைதான் என்று ஏதேதோ சொன்னாள். புத்தகத்தை அவளிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன்.

நான் செய்தது அந்தப் படத்தில் அப்படியே தெரிந்தது. அந்தக் கோடியில் நடந்ததைத் தூக்கி, நடுவில் இருக்கும் வெளிச்சத்தைத் தாண்டி, இந்தக் கோடியில் சாதுவாக நிற்கிற ஒன்றின் தலையில் கட்டியிருக்கிறேன். அந்தப் பாடம் பத்தாவதுக்குப் பிறகு வருவது. நான் தொடர்ந்து படித்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தெரியாததுதான் என் தப்பு என்று உன்னிடம் சொல்லமாட்டேன். கதவில் மாட்டியிருந்த பலகை எனக்குப் புரிந்ததுதானே. படிக்காதவள், பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று யாராவது என்னை மன்னிக்க வந்தால் நீ நம்பாதே.

இந்த மாதச் சோதனைக்குத் தனியாகப் போனேன். டாக்டரம்மாவிடம் சொன்னேன். குரல் இரண்டு தடவை அறுந்தது. மணிக்கட்டுக்கு எடுத்த எக்ஸ்ரே, அது வயிற்றிலிருந்து தள்ளி, குழந்தைக்குப் போயிருப்பது ஒன்றுமே இல்லாத அளவுதான், அதற்கும் அந்த இரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்காது என்றார். "சொல்லியிருந்தா வயித்து மேல கவசம் போட்டு எடுத்திருப்பாங்க, அவ்ளோதான். இதுக்கா நாலு மாசம் பயந்த?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. நீ நன்றாக இருக்கிறாய் என்ற நிம்மதியில் வந்தது பாதி. ஓவனும் காரணமில்லை, எக்ஸ்ரேயும் காரணமில்லை, யாருமே எந்தத் தப்பும் செய்யாத ஒரு விஷயத்துக்கு ஒருவரை நடுத்தெருவில் நிறுத்தினேன் என்பதில் வந்தது மீதி. சாயங்காலம் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். "அவங்க கடைல தினம் டீ குடிச்சினுதான் இருந்தேன். என்னைப் பாத்து ஒரு வார்த்த சொல்லல" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவரே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வர வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். கடையில் நாலே பேர் இருந்தார்கள். ஓவன் இருந்த மேடையில் பிஸ்கட் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. அக்கா என் வயிற்றைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வீட்டிலிருந்தே வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். இந்தக் கடை ஓவனால எனக்கு ஒண்ணும் ஆவல, மாசமா இருக்கறத மறைச்சு எக்ஸ்ரே எடுத்துக்கினேன், அத சொல்ல வெக்கப்பட்டு ஓவன் மேல போட்டேன், அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல என்று சொல்லி முடித்தேன். முதலில் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஒருவர், "என்னாம்மா, பப்ஸா?" என்றார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு அவர் பக்கத்திலிருந்தவரிடம் எந்த ஓவன் என்று விசாரித்தார். அவர்கள் யாரும் அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் இல்லை. அன்று இருந்தவர்கள், பப்ஸைப் பாதியில் வைத்துவிட்டுப் போனவர்கள், எல்லோரும் இப்போது வேறு கடையில் நிற்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் இல்லாத இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு நின்றேன். இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கட்டும் என்று நான் சொன்னது அதனால்தான்.

அவர்கள் போன பிறகு அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நின்றால் கால் வீங்கும் என்றார். அன்றைக்கு ஏன் அக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். நீ சொல்வாய் என்று பார்த்தேன், சொல்லவில்லை, நான் சொல்லியிருந்தால் உன்னை வீட்டில் என்ன செய்திருப்பார்களோ என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ பொய் சொன்னத நான் எப்பவோ விட்டுட்டேன். பயந்தவ என்ன வேணா சொல்லுவா. உங்க அத்தை எனக்குக் கொழந்த இல்லாதத சொன்னாங்க இல்ல, அப்ப நீ அவங்க பின்னால போயி நின்ன. அதத்தான் என்னால விட முடியல." நான் எழுந்தபோது, "வளைகாப்பு எப்போ?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். "என்னைக் கூப்பிடாத. கூப்பிட்டா வந்துடுவேன். அதான் சொல்றேன்" என்றார்.

நான் வீடு வருவதற்குள் விஷயம் வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தை அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. என்னையும் சேர்த்துச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று உன் அப்பாவிடம் சொல்வது மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் காலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தை திட்டுவார் என்று காத்திருந்தேன். "ஓவன் கதைய நீ சொன்ன, சரி. அந்த வார்த்தைய யாரு சொன்னா? நீயா சொல்லிக் குடுத்த? என் வாயில இருந்துதான வந்துச்சு" என்றார். பிறகு, அவர் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத்தான் உன் அப்பா பிறந்தாராம், அந்த ஏழு வருடமும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் இதே வார்த்தையைக் கேட்டாராம். கேட்டவளுக்கே அது வாயில் வந்துவிட்டது பார் என்றார். அவர் அழுததை நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. அரிசியில் கையை விட்டு ஒரு கல்லைத் தேடிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமைக்கு அந்த அம்மாவைக் கூப்பிடு என்றார். நீங்களே கூப்பிடுங்கள் அத்தை என்றேன். "நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கூப்பிடுவேன்? நீ கூப்பிடு. வந்தாங்கன்னா வாசல்ல நான் நிக்கிறேன்."

இன்றைக்குப் புதன்கிழமை, மத்தியானம். உன் அப்பா ஸ்டாண்டில் இருக்கிறார். அத்தை கூடத்தில் வெற்றிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டு, அவ்வப்போது என் பக்கம் பார்க்கிறார். போன் இரண்டு நாளாக என் பக்கத்திலேயே கிடக்கிறது. எடுப்பேன், அக்காவின் பெயர் வரைக்கும் போவேன், வைத்துவிடுவேன். கூப்பிடாதே என்று சொன்னவரைக் கூப்பிடுவது இன்னொரு தொந்தரவாக இருக்குமோ என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடம் போகாதே என்றதும் அதுதான், எக்ஸ்ரே அறை வாசலில் தலையாட்டியதும் அதுதான். அது உனக்கும் வந்திருக்கலாம், என் பிள்ளைதானே நீ. வந்திருந்தால் அதை நல்ல குணம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதே. நாம் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிற நேரத்தில் பக்கத்தில் யாரோ ஒருவர் அதற்காக அடி வாங்குகிறார்.

இந்தப் போனிலிருந்து கிளம்புவதும் அந்த ஓவனுக்குள் ஓடுவதும் ஒரே வகை அலை என்று கௌசல்யா சொன்னாள். சுவரைத் தாண்டிப் போய், டவரில் ஏறி இறங்கி, அக்காவின் கையில் இருக்கும் போனைத் தேடிப் பிடித்துவிடும். என் குரல் மெல்லிசு என்று அது பார்க்காது. கொடுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொடுக்க வேண்டியது மட்டும் நான்தான். இந்தக் கடிதத்தை முடித்ததும் பேசப் போகிறேன். வளைகாப்புக்கு வாங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிட மாட்டேன். அன்றைக்கு அத்தைக்குப் பின்னால் போய் நின்றதைச் சொல்வேன். வெள்ளிக்கிழமை அவர் வந்தால் எத்தனை பேர் பார்த்தாலும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நிற்பேன் என்று சொல்வேன். போனை எடுத்ததும் அக்கா ஹலோ சொல்லமாட்டார், யாராக இருந்தாலும் "சொல்லு" என்றுதான் சொல்வார்.

சொல்லப் போகிறேன்.

உன் அம்மா